கோடரியிலிருந்து ஒளித்திரை வரை: தொழிலாளியின் கையைக் காத்த வரலாறு



அன்பின் ஊர் உறவுகளே, இது சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். மில், மரப் பட்டறை, வெல்டிங் கடை, அச்சகம், இறைச்சிக்கடை நடத்துகின்ற சகோதரர்களும், பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகின்ற பெற்றோரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பது எமது அன்பான வேண்டுகோள்.

எமது மாத்தளை மாவட்டத்தில் இயந்திரம் இல்லாத ஊர் இல்லை. டவுனிலும் உக்குவளையிலும் மிளகாய், மல்லி அரைக்கும் மில்கள். ரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகள். கலேவெல, தம்புள்ளைப் பக்கம் அரிசி ஆலைகள். ஆங்காங்கே மரம் அறுக்கும் ஆலைகள், தளபாடப் பட்டறைகள், கார்மெண்ட்கள். இவற்றில் எமது பிள்ளைகள்தான் வேலை செய்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் "சும்மா இருக்காமல் ஒரு வேலை பழகட்டும்" என்று பட்டறைக்கு அனுப்பப்படும் மாணவர்களை ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

அப்படிப் போன ஒரு பழைய மாணவர் இன்று பள்ளியில் ஸலாம் கொடுக்கும்போது வலது கையை நீட்டத் தயங்குகிறார். இரண்டு விரல்கள் இல்லை. அந்த விபத்து நடந்த நாளில் ஊரே சொன்னது ஒரே வசனம்தான்: "கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்."

இந்த வசனத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. உலகில் எங்கெல்லாம் இயந்திரம் கையை விழுங்கியதோ, அங்கெல்லாம் முதலில் சொல்லப்பட்டது இதுதான். பிறகு மனிதர்கள் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். கவனம் தவறுவது மனித இயல்பு என்றால், கவனம் தவறிய நேரத்திலும் கை தப்புவதற்கு வழி என்ன என்று யோசித்தார்கள். அந்த யோசனையின் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கோடரி வைத்திருந்த காலம்

17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் கரீபியன் தீவுகளில் ஐரோப்பியர்கள் கரும்புத் தோட்டங்களை நடத்தினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களில் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களும் இருந்தார்கள். கரும்பை நசுக்கும் ஆலையில் எதிரெதிராகச் சுழலும் உருளைகள் இருக்கும். அவற்றின் இடையில் கரும்பைக் கையால் ஊட்ட வேண்டும். அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஆலை ஓடும். தூக்கக் கலக்கத்தில் ஒரு விரல் உருளையில் பட்டால் கை போகும், பிறகு தோள் போகும், பிறகு உடம்பே போகும்.

அதற்கு அன்றைய முதலாளிகள் கண்டுபிடித்த "பாதுகாப்பு" என்ன தெரியுமா? ஆலைக்கு அருகில் ஒரு கோடரியைத் தயாராக வைத்திருந்தார்கள். கை மாட்டிக்கொண்டால் உடனே கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காக. அக்காலத்துக் குறிப்புகள் பலவற்றில் இது பதிவாகி இருக்கிறது.

ஏன் அவரால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை என்று இன்றைய மாணவர் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உருளையின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 20 மீற்றர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு அது மெதுவான வேகம்தான். செக்கனுக்குக் கணக்கிட்டால் சுமார் 33 சென்ரிமீற்றர். விரலில் ஏதோ பட்டது என்று மூளை உணர்ந்து கையை இழுக்கச் சொல்வதற்குக் கால் செக்கன் அளவில் தேவைப்படும். அந்தக் கால் செக்கனில் உருளை 8 சென்ரிமீற்றரை உள்ளே இழுத்துவிடும். வளர்ந்த ஒருவரின் நடுவிரல் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, அவர் உணரும்போதே விரல் உள்ளே போய் முடிந்துவிட்டது. இங்கே கவனம் என்ன செய்ய முடியும்?

முதல் வேலி

இங்கிலாந்தில் நீராவி ஆலைகள் பெருகியபோது இதே கதை வேறு வடிவில் நடந்தது. அன்றைய ஆலைகளில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரு பெரிய எஞ்சின், கூரையோரமாக ஓடும் நீண்ட இரும்புத் தண்டு ஒன்றைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து பெல்ட்கள் இறங்கி எல்லா மெஷின்களையும் ஓட்டும். சட்டை நுனியோ தலைமுடியோ தண்டில் சுற்றினால் மனிதனையும் சேர்த்துச் சுழற்றிவிடும்.

1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆலைகளைப் பார்வையிட நான்கு பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் விபத்துகளைக் கண்டு எழுதினார்கள். 1844ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறையாக ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி அடைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் ஹென்றி மோர்லி என்பவர் 1854இல் ஆலை விபத்துகளைப் பற்றிக் காரசாரமாக எழுதினார். அடுத்த வருடமே ஆலை உரிமையாளர்கள் ஒரு சங்கம் அமைத்து வேலிச் சட்டத்துக்கு எதிராக நின்றார்கள். தொழிலாளியின் கவனயீனத்துக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்பதே அவர்களது வாதத்தின் சாரம். அவர்கள் ஓரளவு வெற்றியும் பெற்றார்கள். 1856இல் வேலிச் சட்டம் தளர்த்தப்பட்டது. பெண்களும் சிறுவர்களும் இளையோரும் தொடக்கூடிய இடங்களுக்கு மட்டும் வேலி போதும் என்றானது.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். இந்த வரலாறு நேர்கோட்டில் முன்னேறவில்லை. ஓர் அடி முன்னே போய், அரை அடி பின்னே வந்திருக்கிறது. பின்னே தள்ளிய ஒவ்வொரு முறையும் காரணமாகச் சொல்லப்பட்டது அதே "கவனம்".

விரலுக்கு ஒரு விலை

விபத்தில் போன விரலுக்கு ஈடு கொடுப்பது புதிய சிந்தனை அல்ல. எமது மார்க்கச் சட்டத்தில் தியத் என்ற நட்டஈடு பற்றி மத்ரஸாவில் படித்தவர்களுக்குத் தெரியும். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம், ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகம். பெருவிரலும் சின்னி விரலும் சமம். பத்து விரல்களும் சேர்ந்தால் ஓர் உயிரின் பெறுமதி வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட எத்தல்பர்ட் மன்னரின் சட்டத்தில் பெருவிரலுக்கு 20 ஷில்லிங், நடுவிரலுக்கு 4 ஷில்லிங் என்று விரலுக்கு விரல் விலை வேறுபட்டது.

ஆனால் இவை ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்த காயத்துக்கான ஈடுகள். இயந்திரம் செய்த காயத்துக்கு யார் பொறுப்பு? 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளி நீதிமன்றம் போய் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியிருந்தது. விரலை இழந்த ஏழை எப்படி வழக்காடுவார்?

1884இல் ஜெர்மனி இதை மாற்றியது. வேலையில் நடந்த விபத்துக்கு, யாருடைய தவறு என்று பார்க்காமல் நட்டஈடு வழங்கும் காப்புறுதி அங்கே வந்தது. அதற்கான பணத்தை முதலாளிமார் கட்ட வேண்டும். 1897இல் பிரித்தானியாவும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1923இல் இந்தியாவில் வந்தது. இந்தியச் சட்டத்தின் இன்றைய பட்டியலில் பெருவிரல் போனால் உழைக்கும் திறனில் 30 வீதம், சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 வீதம், மோதிர விரல் அல்லது சின்னி விரல் போனால் 7 வீதம் இழப்பு என்று கணக்கிடப்படுகிறது. இரண்டு கைகளும் போனால் 100 வீதம்.

விரலை வீதத்தில் அளப்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கணக்கு வந்த பிறகுதான் பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை விரல் போனால் நட்டம் தொழிலாளிக்கு மட்டும். இப்போது முதலாளிக்கும் நட்டம். வேலி போடுவது மலிவா, நட்டஈடு கட்டுவது மலிவா என்று அவர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். விபத்துகள் எண்ணப்பட்டன. எண்ணிய பிறகுதான் எந்த மெஷினில், எந்த வேலையில் கை போகிறது என்று தெரிய வந்தது.

எமது நாட்டுக்கு வந்த கதை

எமது மாவட்டத்துக்கு இயந்திரம் தோட்டங்களோடுதான் வந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்த தென்னிந்தியத் தொழிலாளர்களின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்கள் அன்று வந்தன. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, தோட்ட மக்கள் இன்றும் "ஸ்டோர்" என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. இங்கிலாந்து ஆலைகளில் இருந்த அதே நீண்ட இரும்புத் தண்டும் பெல்ட்களும் இங்கேயும் வந்தன. கொழுந்தைக் கசக்கும் ரோலர்கள் அவற்றால் ஓடின. இயந்திரம் வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. அப்போது அரசாங்க சபையில் தொழில் அமைச்சராக இருந்தவர் மலையகத் தமிழரான பெரி சுந்தரம் என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆக, கை போன பிறகு ஈடு கொடுக்கும் சட்டம் முதலில் வந்தது. கை போகாமல் தடுக்கும் சட்டம், அதாவது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கமாக வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 1ஆம் திகதி.

பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வழியில் வந்த சட்டம் இது. ஆபத்தான ஒவ்வொரு பகுதிக்கும் உறுதியான வேலி வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு சுவையான ஏற்பாடும் இருந்தது. வேலையின் தன்மை காரணமாக நிலையான வேலி போட முடியாவிட்டால், தொழிலாளியின் உடல் அந்தப் பகுதியைத் தொடுவதைத் தானாகவே தடுக்கும் ஒரு கருவி இருந்தாலும் போதும் என்றது அது. சிந்தித்துப் பாருங்கள். தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே கொண்டுபோய்த்தான் தகட்டை வைக்க வேண்டும். அங்கே கம்பி வேலி போட்டால் வேலையே நடக்காது. அப்படியான இடத்துக்கு, கை வந்தால் மூடிக்கொண்டு கை போனால் திறந்துகொள்கிற வேலி தேவைப்பட்டது.

ஒளியால் செய்த வேலி

அந்த வேலிக்கான அடிப்படை அறிவியலில் ஏற்கனவே இருந்தது. ஒளி பட்டால் சில உலோகங்களிலிருந்து இலத்திரன்கள் வெளிவரும். இதை ஒளிமின் விளைவு என்கிறோம். 1905இல் ஐன்ஸ்டைன் இதற்கு விளக்கம் கொடுத்தார். அவருக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். ஒளியை மின்சாரமாக உணர முடியும் என்றால், ஒளியை மறைக்கும் கையையும் உணர முடியும்.

இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எர்வின் சிக் என்ற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல் சிறிய அளவில் தனது தொழிலைத் தொடங்கினார். 1952இல் ஹனோவர் நகரில் நடந்த இயந்திரக் கண்காட்சியில், விபத்தைத் தடுப்பதற்கான ஒளித்திரையைக் காட்சிக்கு வைத்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அவரது பெயரில் இயங்குகிறது.

இன்றைய ஒளித்திரை எப்படி வேலை செய்கிறது? மெஷினின் வாயின் இரு பக்கமும் இரண்டு தூண்கள். ஒரு தூணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாக மறு தூணுக்குப் போகும். ஒரு விரல் ஒரு கதிரை மறைத்தாலும் மெஷின் நின்றுவிடும். கையை எடுத்தால் மீண்டும் ஓட விடலாம்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். மெஷினின் வாயிலேயே ஒளித்திரையை ஒட்டி வைத்தால் பயனில்லை. கை கதிரை வெட்டிய பிறகும் மெஷின் நிற்பதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் கை உள்ளே போய்விடக் கூடாது. சர்வதேசத் தரத்தின்படி கை நகரும் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் என்று எடுத்துக்கொள்வார்கள். மெஷின் நிற்க 0.2 செக்கன் எடுக்கும் என்றால், 2 × 0.2 = 0.4 மீற்றர். ஆகக் குறைந்தது 40 சென்ரிமீற்றர் தள்ளியே திரையை வைக்க வேண்டும். கதிர்களுக்கு இடையிலான இடைவெளியைப் பொறுத்து அதற்கு மேலும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இன்னொரு விடயம். மாணவர்கள் செயற்றிட்டத்துக்காகக் கடையில் மலிவாக வாங்கும் சென்சரைக் கொண்டு இதைச் செய்துவிட முடியாது. சாதாரண சென்சர் பழுதானால் "கை இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புச் சென்சர் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும். வயர் அறுந்தாலும், மின்சாரம் போனாலும், உள்ளே ஏதாவது பழுதானாலும் மெஷின் நிற்க வேண்டும். பழுதாகும்போதும் மனிதனின் பக்கம் சாய்வதுதான் பாதுகாப்புக் கருவியின் இலக்கணம்.

மின்சாரம் மட்டும் அல்ல, எளிமையான வழிகளும் வந்தன. இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இயங்கும் என்று வைத்தார்கள். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்தியின் கீழே எந்தக் கை இருக்கும்? அச்சகங்களில் கடதாசி வெட்டும் நவீன மெஷின்களில் இதைக் காணலாம். இறப்பர் உருளைகளுக்கு உடம்பு பட்டாலே நின்றுவிடும் குறுக்குக் கம்பி வந்தது. மூடியைத் திறந்தால் நின்றுவிடும் ஆளி வந்தது. உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் அந்த வகை ஆளிதான்.

வாளுக்கும் உணர்வு வந்தது

மரப் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் இந்தப் பகுதியை அவசியம் வாசியுங்கள். மேசை வாளுக்கு ஒளித்திரை பொருந்தாது. மரமே கதிரை மறைத்துவிடும். மரத்தையும் விரலையும் பிரித்தறியும் வாள் வேண்டும்.

1999இல் அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் இதற்கு வழி கண்டார். அவர் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், தொழிலால் சட்டத்தரணி, பொழுதுபோக்காக மரவேலை செய்தவர். வாளின் தகட்டில் மிகச் சிறிய மின் சமிக்ஞையை ஓட விட்டார். உலர்ந்த மரம் அதைப் பெரிதாக மாற்றாது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், தோல் பட்ட கணமே சமிக்ஞை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து வாளின் பற்களில் குத்தி நிறுத்திவிடும். எல்லாம் 5 மில்லி செக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனின் இருநூறில் ஒரு பங்குக்குள். செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்தில் நகரும் விரலை அந்த நேரத்தில் வாள் வெட்டுவது ஒன்றரை மில்லிமீற்றர் மட்டும். விரல் போக வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டரோடு முடிந்துவிடும்.

அவர் இதைப் பெரிய மெஷின் கம்பனிகளிடம் கொண்டு போனார். அவர்கள் வாங்க முன்வரவில்லை. கடைசியில் "சோஸ்டொப்" என்ற பெயரில் தானே வாள் தயாரித்து 2004 முதல் விற்கத் தொடங்கினார். 1850களில் இரும்பு வேலிக்கு நடந்த இழுபறி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் வேறு வடிவில் நடந்திருக்கிறது.

கருவி இருந்தும் கை போகும் இடங்கள்

சென்சர் வந்துவிட்டது, இனி விரல் போகாது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் டில்லிக்கு அருகே குர்கான், மானேசர் பகுதி வாகன உதிரிப்பாகத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே "சேஃப் இன் இந்தியா" என்ற அமைப்பு காயப்பட்ட பல ஆயிரம் தொழிலாளர்களுக்கு உதவி, 2019 முதல் வருடா வருடம் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அந்த அறிக்கைகளைப் பார்த்தால், கையும் விரலும் நசுங்கியவர்கள்தான் பெரும்பான்மை. பிரஸ் மெஷினே முதல் எதிரி. ஒளித்திரை கண்டுபிடித்து அறுபது எழுபது வருடங்கள் கழித்தும் இது நடக்கிறது.

காரணங்கள் எமக்கும் தெரிந்தவைதான். பழைய மெஷின்கள். சில பழைய பிரஸ் மெஷின்களை ஒரு முறை இயக்கிவிட்டால் முழுச் சுற்றும் முடியாமல் நிற்காது, அவற்றுக்கு ஒளித்திரை பூட்டியும் பயனில்லை. அடுத்தது அவசரம். "கார்ட் இருந்தால் வேலை மெதுவாகுது" என்று கழற்றி மூலையில் வைத்துவிடுவார்கள். இரண்டு பொத்தானில் ஒன்றைக் குச்சி வைத்துக் கட்டிவிடுவார்கள். மூன்றாவது, புதிதாக வந்த பையனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் முதல் நாளே மெஷினில் நிறுத்துவார்கள்.

ஒரு மாவட்டம், இரண்டு உலகம்

1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குக் கார்மெண்ட்டைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கொள்வனவாளர்களுக்கு உடுப்புச் செய்யும் பெரிய தொழிற்சாலைகளில் துணி வெட்டுபவர் இரும்பு வலைக் கையுறை போடுவார். தையல் மெஷினில் ஊசிக்கு முன் விரல் காப்பு இருக்கும். பொத்தான் அடிக்கும் மெஷினுக்கு மறைப்பு இருக்கும். கொள்வனவாளர்களின் ஆட்கள் வந்து பரிசோதிப்பதே இதற்குப் பெரிய காரணம். பரிசோதனையில் தவறினால் ஓடர் போய்விடும்.

அதே பாதையில் கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்ன மில். பெல்ட்டுக்கு மறைப்பு இல்லை. மிளகாயைக் கையால் உள்ளே தள்ளுகிறார்கள். அங்கே யாரும் பரிசோதிக்க வருவதில்லை. அங்கே இருப்பது எமது வாடிக்கையாளர்களும் எமது அயலவர்களும்தான். அப்படியென்றால் பரிசோதிக்க வேண்டியவர்களும் நாம்தான்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறோம்:

1. பெல்ட், புள்ளி, பல்சக்கரம் எல்லாவற்றுக்கும் கம்பி வலை மறைப்புப் போடுங்கள். ஊரிலுள்ள வெல்டிங் கடையில் ஒரு நாள் வேலை.

2. அரைக்கும் மெஷினின் வாயை நீளமாக்குங்கள். 4 முதல் 12 சென்ரிமீற்றர் அகலமான வாய்க்குள் கை முழுவதும் நுழையும். அப்படியான வாயிலிருந்து கத்தி வரை 85 சென்ரிமீற்றர் தூரம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவு. இறைச்சி அரைக்கும் மெஷினில் தள்ளுகட்டை இல்லாமல் ஒருபோதும் கையால் தள்ள வேண்டாம்.

3. நிறுத்தும் சிவப்புப் பொத்தான், வேலை செய்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பின் சுவரில் இருக்கும் ஆளி ஆபத்தில் உதவாது.

4. சுத்தம் செய்யும்போதும் சிக்கல் எடுக்கும்போதும் மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி வேலை செய்பவரே தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.

5. பழைய மெஷின் வாங்கும்போது விலையோடு சேர்த்து "கார்ட் எங்கே?" என்றும் கேளுங்கள்.

சட்டத்தையும் அறிந்து வையுங்கள். தொழிற்சாலை விபத்தால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், அதைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, நட்டஈட்டின் உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. "ஆஸ்பத்திரிச் செலவைத் தந்துவிட்டோம், அதோடு முடிந்தது" என்று பேசித் தீர்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 முதல் வேலைக்கான ஆகக் குறைந்த வயது 16. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவது தடை. எனவே பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளையை வாள் மேசையில் நிறுத்துவது, அவருக்குத் தொழில் பழக்குவது ஆகாது.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சிலர் சொல்வார்கள். அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று படித்த சமூகம் நாம். மெஷினுக்கு மறைப்புப் போடுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

கோடரியிலிருந்து ஒளித்திரைக்கு வர முந்நூறு வருடங்கள் எடுத்தன. எமது மில்லுக்கும் பட்டறைக்கும் அவ்வளவு காலம் தேவையில்லை. வழிகள் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. அடுத்த முறை யாராவது ஒருவரின் விரல் போனது என்று கேள்விப்பட்டால், "கவனமாக இருந்திருக்கலாமே" என்று சொல்வதற்கு முன், "அந்த மெஷினுக்கு கார்ட் இருந்ததா?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்கத் தொடங்கினால் கார்ட் தானாக வரும்.

உங்கள் ஊரில் மெஷினுக்கு நல்ல முறையில் மறைப்புப் போட்டு வேலை செய்கின்ற சகோதரர்கள் இருந்தால் அறியத் தாருங்கள். மற்றவர்கள் போய்ப் பார்த்துப் பழகட்டும். மில் வைத்திருக்கும் உறவுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

எமது பிள்ளைகளின் கைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக.